பெட்டியைக் கழற்றிவிட்டு மலை ஏறுங்கள்: ஸ்டாண்டுத் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி ஸ்டாண்டுகளில் டீசல் வண்டி ஓட்டும் தம்பிகளுக்கும், அந்த வண்டிகளின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். 22 வருடம் இதே மலையில் டாக்ஸி ஓட்டினேன். முதுகு போனபிறகு குன்னூரில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மீதிப் பேரின் வண்டியை எனக்குத் தெரியும். இந்த மடல், பிக்கப் கூடும் என்று சொல்லி ஆக்ஸிலரேட்டர் மிதியின் ஒயரில் மாட்டிவிடும் த்ராட்டில் கன்ட்ரோலர் என்ற பெட்டியைப் பற்றியது.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் என் தங்கை பையன் போன் பண்ணினான். பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து சவாரி ஏற்றி வருகிறான். உள்ளே 7 பேர், ஒன்று கைக்குழந்தை. இன்ஜின் ஓடுகிறது, ஆனால் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஐடிலிங்கை விட்டு ஏறவே மாட்டேன் என்கிறது. வளைவின் நடுவில் இழுவை போனதும் வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டிருக்கிறது. பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் நிதானக்காரர், இடம் விட்டுத்தான் வந்திருக்கிறார். அந்த மனிதர் எந்த டிப்போ என்று தெரியவில்லை, தெரிந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன்.

வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பி2138 என்று காட்டியது. மிதியில் இருக்கும் இரண்டு சென்சார்களும் சொல்கிற கணக்கு ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை என்பதற்கான பழுதுக் குறியீடு அது. டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால், மிதியின் பிளக்குக்கும் கம்பெனி ஒயருக்கும் நடுவில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. அதன் பிளக் முழுசாக லாக் ஆகவில்லை, உள்ளே ஈரம். பெட்டியைப் பிடுங்கிவிட்டுப் பழைய பிளக்கை மாட்டி, ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்தேன். வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி ஏறிப் போனது.

"கோயமுத்தூர்ல ஒரு கடைல போட்டேன் மாமா, பிக்கப் சூப்பரா இருக்கும்னாங்க," என்றான். பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்திருக்கிறான். அன்றைக்கு நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆனால் அதற்குப் பிறகு என் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் வண்டிகளில் குனிந்து பார்க்க ஆரம்பித்தேன். நினைத்ததை விட நிறைய வண்டிகளில் இந்தப் பெட்டி இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

பெட்டி என்ன செய்கிறது என்பதைக் கேளுங்கள். பழைய ஜீப்பில் மிதியிலிருந்து பம்ப் வரை கேபிள் போகும். காலின் அளவு அப்படியே பம்புக்குப் போய்ச் சேரும். இப்போதைய காமன் ரயில் வண்டிகளில் (ஒரே குழாயில் அழுத்தத்தோடு டீசலைத் தேக்கி, கம்ப்யூட்டர் சொல்கிறபடி அடிக்கும் வண்டிகள்) கேபிள் கிடையாது. மிதியில் இரண்டு சென்சார். பல வண்டிகளில் ஒன்று காட்டும் வோல்ட்டேஜில் பாதியை இன்னொன்று காட்டும். ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். அதற்காகத்தான் இரண்டு வைத்தார்கள். இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியு அந்த இரண்டையும் படித்து, "இவன் இவ்வளவு இழுவை கேட்கிறான்" என்று புரிந்துகொள்ளும். நடுவில் உட்காரும் பெட்டி, நீங்கள் 20 சதவீதம் மிதித்தால் "40 சதவீதம் மிதிக்கிறான்" என்று ஈசியுவிடம் சொல்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. நீங்கள் தரையோடு அழுத்தினால் பெட்டி இருந்தாலும் 100, இல்லாவிட்டாலும் 100. ஒரு குதிரை சக்திகூட ஏறாது.

நம்ப முடியாவிட்டால் நீங்களே பாருங்கள். அன்னூர் ரோட்டில் ஆள் இல்லாத நேரம், சமதளத்தில், மூன்றாம் கியரில் 40-லிருந்து 80 வரை மிதியைத் தரையோடு அழுத்தி எடுங்கள். பக்கத்தில் ஒருவர் போனில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கட்டும். பெட்டியோடு மூன்று முறை, பெட்டி இல்லாமல் மூன்று முறை. நான் என் மருமகனை உட்கார வைத்து எடுத்துப் பார்த்தேன். வித்தியாசம் என்று வந்ததெல்லாம் பட்டனை அழுத்திய அவன் விரலின் தாமதம்தான். அவன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்!

டீசலில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் மிதி, காற்று போகும் வாசலைத் திறக்கிறது. டீசலில் மிதி வெறும் விண்ணப்பம். எவ்வளவு டீசல் அடிப்பது என்பதை ஈசியு, உள்ளே வரும் காற்றை அளந்து, புகை தள்ளாத அளவுக்குத்தான் முடிவு செய்யும். நம் மலையில் காற்றே குறைவு. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், கடல் மட்டத்தை விடக் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இளைத்திருக்கும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ அதை ஓரளவு ஈடுகட்டும், ஆனால் அது நன்றாகச் சுழல இன்ஜினின் சுற்று வேகம், அதாவது ஆர்.பி.எம். வேண்டும். 1,200-ல் இன்ஜின் முனகிக்கொண்டிருக்கும்போது பெட்டி எவ்வளவு சத்தமாக விண்ணப்பம் போட்டாலும், காற்று வராமல் டீசல் வராது. செகண்டில் எடுக்க வேண்டிய வளைவைத் தேர்டில் எடுத்துவிட்டு, "பிக்கப் இல்லை" என்று கடைக்குப் போகிறோம்.

சில கடைகள் வேறொன்றையும் இதோடு சேர்த்துக் குழப்புகின்றன. டீசல் குழாயின் அழுத்தத்தை அளக்கும் ரயில் பிரஷர் சென்சாரை ஏமாற்றி டீசலைக் கூட்டும் ட்யூனிங் பாக்ஸ் வேறு. அது உண்மையிலேயே சக்தியைக் கூட்டும். கூடவே டர்போவின் சூட்டையும், புதிய மாசு விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டியாக இருந்தால், புகையை வடிகட்டும் டி.பி.எஃப்.பில் சேரும் கரியையும் கூட்டும். அதைப் பற்றி எழுத இன்னொரு மடல் வேண்டும்.

பெட்டியில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கம்பெனிக்காரன் மிதியைக் கொஞ்சம் மந்தமாகத்தான் வைத்து அனுப்புகிறான், அது உண்மை. கோவை பைபாஸில் ஓவர்டேக் எடுக்கும்போது சுறுசுறுப்பாகத் தெரிந்தால் சந்தோஷம்தான். சொந்த வண்டி, சொந்தக் கால், சொந்தக் காசு. ஆனால் நம் பிழைப்பு பைபாஸில் இல்லை. கல்லாறு முதல் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36. இந்த வளைவுகளில் நமக்குக் காசு கொடுப்பது மிதியின் முதல் ஒரு அங்குலம். கிளட்சை விட்டுக்கொண்டே, அரை அங்குலம் அழுத்தி, கால் அங்குலம் தளர்த்தி, பின் சீட்டில் தூங்கும் பாட்டியின் தலை ஆடாமல் திருப்புகிறோம். பெட்டியை ஸ்போர்ட் மோடில் வைத்தால் அந்த ஒரு அங்குலத்துக்குள் பாதி இழுவை வந்து நிற்கும். பொலிரோ, இன்னோவா மாதிரி பின்சக்கரம் இழுக்கும் வண்டி, மேகம் இறங்கிய நேரம், ஈர ரோடு, வளைவின் உள்பக்கம் சேறு: சக்கரம் சறுக்க அது போதும். சறுக்காவிட்டால் கிளட்ச் தீயும். இரண்டும் இல்லாவிட்டால் காட்டேரி போவதற்குள் பின்னால் கவர் கேட்பார்கள். எதற்குக் கவர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வேடிக்கை. இந்த மலைக்கு அந்தப் பெட்டியில் உருப்படியான ஒரு பட்டன் உண்டு, யாரும் அழுத்தாத எக்கோ பட்டன். அது மிதியை இன்னும் சாந்தமாக்கும். ஆனால் அதற்காகப் பத்தாயிரம் கொடுத்து, ஈரம் ஏறும் இரண்டு பிளக்கை நடுவில் செருக வேண்டுமா? காலைக் கொஞ்சம் மெதுவாக அழுத்தினால் இலவசம்.

உரிமையாளர்களிடம் ஒரு வார்த்தை. வண்டியை எப்போதும் ஒரே டிரைவரா ஓட்டுகிறார்? சீசனில் ஆக்டிங் டிரைவர் இல்லாமல் யாருக்கு நாள் போகிறது? நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபிறகும் மே மாதம் மே மாதம்தான். பர்லியாறு வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கி, ஒரே நாளில் மூன்று வண்டி மாறி ஓட்டுகிற பையன்கள் இருக்கிறார்கள். அவன் கால் ஒரு வண்டியின் அளவைப் பழகியிருக்கும். உங்கள் வண்டியில் ஏறி, பொட்டானிகல் கார்டன் வாசலில் கூட்டத்துக்கு நடுவே அதே அளவு மிதிப்பான். வண்டி தாவும். பெட்டி இருப்பதே அவனுக்குத் தெரியாது. கழற்ற மனமில்லாவிட்டால், ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு காகிதமாவது ஒட்டுங்கள்.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு போடுகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லை இரண்டும் என்கிறது. பிளக் போட்டுக் கழற்றும் பெட்டி அதில் வராது என்று நீங்கள் வாதாடலாம். விபத்துக்குப் பிறகு, இன்ஷூரன்ஸ்காரர் மிதிக்குக் கீழே டார்ச் அடித்துக்கொண்டிருக்கும்போது வாதாடிப் பாருங்கள்.

சரி, வண்டி நிஜமாகவே மந்தமாக இருந்தால்? என்னிடம் "பிக்கப் இல்லை" என்று வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் நான் பார்த்தது இவைதான்: ஏர் ஃபில்டர் தூசியில் அடைத்திருக்கும். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளிப் தளர்ந்து காற்று கசியும்; ஹோஸில் எண்ணெய்ப் பிசுக்கு பிடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே நிற்கும். பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டு சக்கரத்தைப் பிடிக்கும். இறங்கி வந்ததும் நான்கு சக்கரத்தின் பக்கமும் கையைக் கொண்டுபோனால் எது அதிகச் சூடு என்று தெரிந்துவிடும், தொட்டுவிடாதீர்கள். ஒரு வண்டியில் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. அந்த வண்டியிலும் ஸ்போர்ட் பிளஸ் மோடு போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை கடை திறந்திருப்பேன். ஸ்டாண்டு வண்டி எதுவானாலும் கொண்டு வாருங்கள். ஃபில்டர், ஹோஸ், பிரேக் மூன்றும் காசில்லாமல் பார்த்துச் சொல்கிறேன், ஸ்கேனும் போட்டுத் தருகிறேன். பெட்டி கழற்ற ஐந்து நிமிடம் ஆகும், அதன் அட்டைப்பெட்டியை வைத்திருந்தால் கையோடு எடுத்து வாருங்கள். வேறு நாளில் வருவதென்றால் வெள்ளிக்கிழமை மட்டும் வராதீர்கள், அன்றைக்கு ஸ்கேனர் கோத்தகிரிக்குப் போய்விடும்.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து ஒரு பழைய டாக்ஸிக்காரன்