அணைத்தோம் என்றால் அணைந்திருக்க வேண்டும்: லினக்ஸ் கிராபிக்ஸ் டிரைவர் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கேர்னல் கிராபிக்ஸ் பராமரிப்பாளர்களுக்கும், சிறு பலகைக் கணினிகளுக்கு டிஸ்பிளே டிரைவர் எழுதும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் கணினி அறையிலிருந்து எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதவேண்டியதைப் பதிவுகளோடும் ரெஜிஸ்டர் (வன்பொருளைக் கட்டுப்படுத்தும் இடங்கள்) மதிப்புகளோடும் எங்கள் சிறு பலகைக் கணினியைச் செய்தவர்களுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டோம். பட்சும் (நிரல் திருத்தமும்) சேர்த்துத்தான் அனுப்பினோம். கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கட்டப் பழகி, இரவிரவாக இருந்து இந்தப் பிழையைத் தேடிப் பிடித்த எங்கள் பிள்ளைகளும் வாசிக்கவேண்டும் என்பதால் இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். உங்களிடையே தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களும் இருப்பார்கள். அவர்கள் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னால் பெரிய உபகாரம்.

கேட்பது ஒன்றுதான். ஒரு டிஸ்பிளே பிளேனை, அதாவது திரைப் படத்தின் ஒரு அடுக்கை, அணைத்துவிட்டதாகக் கேர்னல் சொன்னால், அது வன்பொருளிலும் அணைந்திருக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். 2022 இல் ரூபாய் விழுந்து, நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. பழைய மேசைக் கணினிகள் ஒவ்வொன்றாகப் பழுதாக, புதியது வாங்க ஏலாமல், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் அனுப்பிய சிறு பலகைக் கணினிகளுக்கு மாறினோம். சில வாட் மின்சாரம் போதும், பற்றரியிலும் ஓடும். பழைய மொனிட்டர்களை வைத்துக்கொண்டோம். பின்னேரத்தில் ஓ.எல், ஏ.எல் பிள்ளைகள் வீடியோப் பாடம் பார்ப்பார்கள். காலையில் ஊர்ச்சனம் விண்ணப்பம் நிரப்பவும், வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளோடு கதைக்கவும் வரும். சில காலம் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது.

பிறகு ஒரு புதுப்பிப்பு வந்தது. அதில் இருந்த கொம்போசிட்டர் (ஜன்னல்களை எல்லாம் சேர்த்து ஒரே திரையாக ஆக்கும் நிரல்) வீடியோவைத் தனி ஓவர்லே பிளேனில் போடத் தொடங்கியது. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் பிள்ளைகளுக்காக இரண்டு வரி: பிளேன் என்பது திரைக்குப் போகும் படத்தின் ஒரு அடுக்கு. கீழே முதன்மை பிளேன், மேலே கேர்சருக்கு ஒன்று, நடுவில் ஓவர்லே. வீடியோவை ஓவர்லேயில் விட்டால் டிஸ்பிளே வன்பொருளே அதை மற்ற அடுக்குகளோடு சேர்த்துவிடும். பலகை சூடாகாது, படம் விக்காது. நல்ல வேலைதான். வீடியோ முடிந்ததும் அந்தப் பிளேனை அணைக்கவேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பலகையில் அது அணையவில்லை.

ஒரு காலை கண்புரை உள்ள ஒரு அம்மா வந்திருந்தார். கைபேசித் திரையில் முகம் தெரியாது என்பதால் மகனோடு கதைக்க எங்களிடம்தான் வருவார். மகன் ரொறொன்ரோவில் இரவு வேலை செய்பவர். கதைத்து முடித்து அழைப்பைத் துண்டித்துவிட்டார். ஆனால் மகனுடைய முகம் திரையில் அப்படியே நின்றது. உலாவியைப் பார்த்தால் அழைப்பு முடிந்த பக்கம் வந்திருக்கிறது, அதற்கு மேலே கடைசிப் பிரேம், வாய் பாதி திறந்தபடி. அந்த அம்மா, "என்ன மோனை, கதைக்கிறாய் இல்லை? ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். லைன் போய்விட்டது அம்மா என்று சொன்னால், "முகம் தெரியுதே" என்கிறார். நாங்கள் ஜன்னலை மூடினோம், உலாவியை மூடினோம், முகம் போகவில்லை. ஒரு பெடியன் எச்டிஎம்ஐ வயரைப் பிடுங்கித் திரும்பக் குத்திய பிறகுதான் போனது. அந்த அம்மா நடுங்கிப்போனார். தன் பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தவரைச் சமாதானப்படுத்த, எங்களில் ஒருவர் தன் கைபேசியில் மகனைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது.

இது முகம் உறைந்து நின்ற கதையோடு முடியவில்லை. பிளேன் அணைந்ததாக எண்ணிக் கேர்னல் அந்தப் பிரேம்பஃபரின் (அடுக்கின் படத்தரவு இருக்கும் இடத்தின்) நினைவகத்தை விடுவித்துவிடுகிறது. வன்பொருளோ அதே முகவரியைத் தொடர்ந்து வாசித்துத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் பலகையில் டிஸ்பிளேக்கு ஐஓஎம்எம்யு (வன்பொருள் எந்த நினைவகத்தை வாசிக்கலாம் என்று கட்டுப்படுத்தும் பகுதி) கிடையாது, தடுக்க எதுவும் இல்லை. அந்த நினைவகம் இன்னொரு வேலைக்குப் போனதும் அந்தப் பெட்டிக்குள் வேறு எதுவோ தெரியத் தொடங்கும். ஒருமுறை பச்சையும் ஊதாவுமாகச் சரிந்த கோடுகளுக்கு நடுவே ஒருவர் ஸ்கான் செய்த பக்கத்தின் துண்டு வந்தது. மருத்துவ அறிக்கை. அவர் பக்கத்தை மூடிவிட்டார், அடுத்தவர் கதிரையில் இருந்துவிட்டார், திரையில் முன்னவருடைய அறிக்கை. சிறிய ஊர் இது, ஆளையாள் தெரியும். இதைப் பார்வைக் கோளாறு என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்று தயவாகக் கேட்கிறேன். ஒருவருடைய தனி விடயம் இன்னொருவர் கண்ணில் படுகிறது.

காரணத்தைத் தேடினோம். டிபக்எஃப்எஸ்ஸில் (கேர்னல் தன் உள்நிலையைக் காட்டும் இடத்தில்) உள்ள நிலைக் கோப்பைத் திறந்தால் அந்த ஓவர்லேக்கு சிஆர்டிசி (அடுக்குகளைச் சேர்த்துத் திரைக்கு அனுப்பும் பகுதி) இல்லை, பிரேம்பஃபரும் இல்லை. கொம்போசிட்டர் கேட்டபடி இரண்டும் சுழியம். அட்டாமிக் கொமிட்டும் (மாற்றங்களை ஒன்றாக நிறைவேற்றும் கட்டளையும்) பிழை இல்லாமல் திரும்பியிருக்கிறது. கேர்னலின் கணக்கில் அந்தப் பிளேன் இல்லவே இல்லை. திரையில் இருக்கிறது.

டிரைவரைத் திறந்தபோது விடை எளிதாகவே கிடைத்தது. அதில் அட்டாமிக் டிசேபிள் என்ற செயற்கூறு எழுதப்படவே இல்லை. உங்கள் ஹெல்பர் (டிரைவர்களுக்குப் பொதுவான உதவி நிரல்) விதிப்படி அது கட்டாயமும் இல்லை. அது இல்லாவிட்டால், பிளேனை அணைக்கும்போதும் அட்டாமிக் அப்டேட்டைத்தான் அழைப்பீர்கள், புதிய நிலையில் சிஆர்டிசியும் பிரேம்பஃபரும் நல், அதாவது ஒன்றும் இல்லை, என்றபடி. எங்கள் டிரைவரின் அப்டேட்டில் முதல் வரியே, பிரேம்பஃபர் இல்லையென்றால் திரும்பிப் போ என்பது. எழுதியவர் நல் பொயின்டரில் விழாமல் தப்பிக்க அந்த வரியைப் போட்டிருக்கிறார். அணைக்கும் வேலையும் அதே வழியாகத்தான் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பிளேனை இயக்கும் எனேபிள் பிட் ஒன்றாகவே கிடக்கிறது.

இன்டெல் டிரைவரில் இதே வேலை எவ்வளவு கவனமாக நடக்கிறது என்றும் பார்த்தோம். ஸ்கைலேக் போன்ற சிப்புகளில், கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் சுழியம் எழுதியபின் சர்பேஸ் முகவரி (படம் இருக்கும் நினைவக முகவரி) ரெஜிஸ்டரிலும் எழுதுகிறார்கள், அந்த இரண்டாவது முறை எழுதுவதுதான் மாற்றத்தை அடுத்த விபிளாங்கில் (ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவேளையில்) நடைமுறைக்குக் கொண்டுவரும் என்பதால். எல்லாப் பிளேன்களும் அணைந்தால் இன்டெலின் இரண்டாம் தலைமுறை கிராபிக்ஸ் வன்பொருள் அண்டர்ரன் (படத்தரவு நேரத்துக்கு வரவில்லை) என்று முறையிடும் என்பதைக்கூட ஒரு குறிப்பாக எழுதி, முன்கூட்டியே அந்த முறைப்பாட்டை நிறுத்திவைக்கிறார்கள். இருபது வருடத்துக்கு மேற்பட்ட சிப்புக்கு இவ்வளவு அக்கறை! ஏஎம்டியின் வன்பொருளில் கேர்சருக்குத் தனிப் பிளேன் இல்லை, கீழே ஒரு பிளேன் இருந்தால்தான் கேர்சர் தெரியும். ஆனபடியால் பொருந்தாத கோரிக்கை வந்தால் அந்த டிரைவர் அட்டாமிக் செக்கிலேயே (மாற்றத்தைச் செய்யுமுன் நடக்கும் சோதனையிலேயே) மறுத்துவிடும். அதுவும் நேர்மையான பதில்தான். முடியாது என்று சொன்னால் கொம்போசிட்டர் வேறு வழி பார்க்கும். முடிந்தது என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் பார்க்கமாட்டார்கள்.

இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. பாவனையில் உள்ள பிரேம்பஃபரை ஒரு நிரல் நீக்கினால், கேர்னல் முதலில் பிளேனை மட்டும் அணைக்கப் பார்க்கும். டிரைவர் மறுத்தால், அது முதன்மை பிளேனாக இருக்கும் பட்சத்தில், சிஆர்டிசியையே சேர்த்து அணைக்கும். நல்ல பாதுகாப்பு வலை. ஆனால் மறுப்புச் சொல்லும் டிரைவருக்குத்தான் அந்த வலை விரியும். எங்கள் டிரைவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதால், கொம்போசிட்டரையே கொன்றாலும் படம் போகாது. விபிளாங்கும் அப்படித்தான். பழைய பிரேம்பஃபரை விடுவிக்க முன் ஒரு விபிளாங்க் கழியக் காத்திருக்கிறீர்கள், 60 ஹேர்ட்ஸ் திரையில் கிட்டத்தட்ட 17 மில்லிசெக்கன். அந்த நேரம் கழிந்ததா என்று பார்க்கிறீர்கள், பிளேன் அணைந்ததா என்று பார்ப்பதில்லை. குடியிருந்தவர் வெளிக்கிட்டாரா என்று எட்டிப் பார்க்காமல், மாதம் முடிந்தது என்பதற்காக வீட்டை அடுத்தவருக்குக் கொடுப்பது போன்ற வேலை இது.

எங்களுக்குக் கிடைத்த ஒரே ஆலோசனை, ஓவர்லே பிளேனைப் பயன்படுத்தாமல் கொம்போசிட்டரை ஓட்டுங்கள் என்பது. அதையும் செய்தோம். வீடியோ விக்குகிறது, பலகை சூடாகித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, கணிதப் பாடத்தில் ஆசிரியரின் குரல் முன்னே போக எழுத்து பின்னே வருகிறது. பிள்ளைகள் பழையபடி ஓவர்லேயை இயக்கிவிட்டு வயரைப் பிடுங்கிக் குத்தப் பழகிவிட்டார்கள். இரண்டு பலகைகளில் எச்டிஎம்ஐ வாய் தளர்ந்துபோயிற்று. மாற்றுவதற்கு இங்கே ஆள் இல்லை, பொருளும் இல்லை.

எங்கள் பட்ச் மிகச் சிறியது. அட்டாமிக் டிசேபிளை எழுதி, பழைய நிலையிலிருந்து சிஆர்டிசியை எடுத்து, எனேபிள் பிட்டைச் சுழியமாக்கி, மாற்றத்தை வன்பொருள் ஏற்கும்படி அடுத்த ரெஜிஸ்டரையும் எழுதுகிறது. போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு புதுப்பிப்பும் அதை அழித்துவிடுகிறது, நாங்கள் திரும்பத் திரும்பக் கட்டுகிறோம். பலகையைச் செய்தவர்களிடமிருந்து பதில் இல்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறேன். அந்தச் சிப்பின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் அதே வரியை நாளைக்கு இன்னொரு டிரைவரில் இன்னொருவர் எழுதுவார். எழுத விடும் இடம் உங்கள் ஹெல்பரில் இருக்கிறது.

2015 இல் 4.2 பதிப்போடு அட்டாமிக் இடைமுகம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. கேட்டது முழுதாக நடக்கும், அல்லது ஒன்றுமே நடக்காது என்பதுதான் அதன் வாக்கு. பயனர் வெளியை (கேர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களை) உடைக்கக்கூடாது என்ற உங்கள் விதியை உலகமே அறியும். இந்த இரண்டு வாக்கும் பெரிய நிறுவனங்கள் சம்பளம் கொடுத்துப் பார்க்கும் டிரைவர்களில் காப்பாற்றப்படுகின்றன. மலிவான பலகைகளில் காப்பாற்றப்படுவதில்லை. மலிவான பலகை எங்கே போகும்? எங்களைப் போன்ற ஊர்களுக்குத்தான். ஒரு கேர்னல் மூலத்தை இறக்க இரவு முழுக்க வைத்திருக்கும் இணைப்பில் இருப்பவர்களிடம், புதிய பதிப்பில் சோதித்துவிட்டு வாருங்கள் என்று சொல்வது எவ்வளவு பாரம் என்பதை யாராவது யோசித்ததுண்டா? சோதித்துவிட்டுத்தான் வந்தோம். அப்போதும் பதில் இல்லை.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் ஓய்வு நேரத்தைக் கொடுத்து இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும், அதற்கு நாங்கள் நன்றி உள்ளவர்கள்.

ஆகவே பணிவாகக் கேட்கிறேன். ஓவர்லே பிளேனைப் பதிவுசெய்யும் டிரைவரில் அட்டாமிக் டிசேபிள் இல்லையென்றால், பதிவாகும் நேரத்திலேயே கேர்னல் உரக்க எச்சரிக்கட்டும். சிஆர்டிசி இல்லாமல் பிரேம்பஃபர் மட்டும் இருந்தால் எச்சரிக்கும் வரி உங்கள் நிரலில் ஏற்கெனவே உண்டு, இதற்கும் ஒன்று போடுவது பெரிய வேலையாகாது. அணைக்க முடியாத வன்பொருள் என்றால் அட்டாமிக் செக்கில் மறுக்கும்படி ஆவணத்தில் தெளிவாக எழுதுங்கள். புதிய டிரைவரை ஏற்க முன், ஒரு பிளேனை மட்டும் அணைத்துவிட்டு சிஆர்சி மதிப்பு (திரைக்குப் போகும் படத்திலிருந்து கணிக்கும் சரிபார்ப்பு எண்) மாறுகிறதா என்று ஒரு சோதனை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சிஆர்சி எடுக்க முடியாத வன்பொருள் என்றால், எழுதியவர் கண்ணால் பார்த்துச் சொல்லட்டும்.

பட்ச் எங்களிடம் தயாராக இருக்கிறது. அதை எந்த வடிவில் வேண்டுமென்றாலும் திருத்தி அனுப்புவோம். எச்சரிக்கை வரியை நீங்கள் எழுதினால், எங்கள் பலகைகளில் ஓட்டிப் பார்த்துப் பெறுபேறு தர இங்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் முறைப்பாட்டை யாராவது ஒருவர் எடுத்துப் பார்க்கும்படி தயவுசெய்து ஒழுங்கு செய்யுங்கள்.

இப்படிக்கு,
சனசமூக நிலையக் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர்,
யாழ்ப்பாணம்.