முதல் நாள் 34 புள்ளி

மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே பெங்களூரில் பெரியவள் பி.யூ.சி. முடித்துவிட்டாள். அல்சூரில் அதே வீடுதான்.

இலாகாத் தேர்வுக்கு உட்கார்ந்தால் பத்து நிமிஷம்கூட மனசு நிற்கவில்லை, வயசாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். வயசு இல்லை மாப்ள. போன வருஷம் ஒரு ஜி.எஸ்.டி. கணக்கை ஏற்றும்போது நடுவில் வாட்ஸ்அப் பார்த்துவிட்டு வந்து, ஒரு சைபரைக் கூடுதலாகத் தட்டிவிட்டேன். சரிசெய்ய மூன்று நாள் ஆனது. ராத்திரி தூக்கமே வரவில்லை.

அதற்கப்புறம்தான் லீவு நாள் காலையில் கப்பன் பார்க் லைப்ரரிக்குப் போக ஆரம்பித்தேன். நீ வந்தபோது வெளியே நின்று படம் எடுத்தோமே, சேஷாத்ரி ஐயர் பேரில் இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டடம். 1961 சட்டத்துக்குப் பதிலாக வந்த புது வருமான வரிச் சட்டத்தைப் படித்தாக வேண்டும், 536 பிரிவு. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. மனசு ஓடும்போதெல்லாம் நோட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, விட்ட வரிக்கே திரும்பினேன். என்னைத் திட்டிக்கொள்ளவில்லை. முதல் நாள் ஒரு மணி நேரத்தில் 34 புள்ளி. போன வாரம் 11.

போனைக் கவிழ்த்து வைத்துத்தான் படிக்கிறேன் என்கிறாய். அது போதாது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில் எல்லார் போனும் சைலண்டில்தான் இருந்தது. ஆனாலும் மேசையில் கவிழ்த்து வைத்தவர்களைவிட வேறு அறையில் வைத்தவர்கள்தான் கொடுத்த சோதனைகளை நன்றாகச் செய்தார்கள். படிக்கிற நேரத்துக்கு அதை அம்மாவிடம் கொடுத்துவிடு.

இன்னொன்று, எனக்கு ரொம்பவே கைகொடுத்தது. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததுக்குத் தாவினால், கவனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற பேராசிரியை 2009-ல் எழுதினார். ரசம் குடித்த டம்ளரைக் கழுவாமல் காப்பி ஊற்றுகிற மாதிரி. அதற்கு வழியும் பிற்பாடு அவரே சொன்னார்: எழுவதற்கு முன்னால் எங்கே விட்டோம், வந்ததும் என்ன செய்யணும் என்று குறித்து வைக்க வேண்டும். வீட்டில் கூப்பிட்டால் இப்போது, 'பிரிவு 45 முடிந்தது, அடுத்து பழைய சட்டத்தோடு ஒப்பிடணும்' என்று பென்சிலால் எழுதிவிட்டுத்தான் எழுகிறேன். அந்த ஒரு வரி இருந்தால் கறிகாய் வாங்கப் போன இடத்தில் சட்டம் நினைவில் உருளுவதில்லை. திரும்பி வந்தாலும் முதலிலிருந்து தேட வேண்டியதில்லை.

நீயும் அரை மணியில் தொடங்கு. பரீட்சைத் தேதியை எழுது. முதல் நாள் எத்தனை புள்ளி என்றும் எழுது, குறைக்காமல்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்