உன் மகனும் என் மகளின் சி.ஆர். கொப்பியும்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது, கோபிக்காதே. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை வெட்டு. மெஷின் கிடைக்க இரண்டு நாள், கிடைத்த அன்றைக்கு மழை, இப்படியே இழுபட்டு நேற்றுத்தான் நெல்லைக் காயவைத்து மூட்டை கட்டி முடித்தோம். இன்றைக்குத்தான் ஆறுதலாக இருக்கிறேன்.

உன் மகன் அங்கே அமெரிக்காவில் பல்கலைக்கழக விடுதிச் சங்கத்துக்குத் தெரிவாகியிருக்கிறான் என்று நீ எழுதியதை மனுசிக்கும் வாசித்துக் காட்டினேன். "தகப்பன் ஒரு கூட்டத்திலயும் வாய் திறந்த ஆள் இல்லை, பிள்ளை பிரதிநிதியா?" என்று சிரித்தாள். நீ பயப்படுவது தெரிகிறது. படிப்புக் கெட்டுவிடும், அரசியலாகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், மறுகா அந்த ஆர்.எச்.ஏ. (Residence Hall Association), அதுதான் விடுதி மாணவர் சங்கம், என்னவென்று தேடி வாசித்த பிறகு அவ்வளவு பயம் இல்லை. மாடிக்கு ஒரு ஆள், கட்டடத்துக்கு ஒரு குழு, எல்லா விடுதிக்கும் சேர்த்து மேலே ஒரு சங்கம். பல இடங்களில் விடுதிக் காசோடு பிள்ளைகள் கட்டுகிற ஒரு சின்னத் தொகையில்தான் அது நடக்கிறதாம். ஆர்.ஏ. (விடுதி உதவியாளர்) என்று இன்னொரு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களோடு இதைக் குழப்பிக்கொள்ளாதே. அவர்களும் மாணவர்கள்தான், ஆனால் அறையோ சாப்பாடோ சம்பளமோ நிர்வாகம் கொடுக்கிறது, விதி மீறினால் அறிக்கை எழுத வேண்டியதும் அவர்கள். உன் மகனை அனுப்பியது பிள்ளைகளின் வாக்கு. சோறு போடுகிறவரிடம் போய் சோறு சரியில்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியாதா?

இப்படியான பல சங்கங்களுக்குத் தாய்ச்சங்கம் ஒன்றும் இருக்கிறது, நேக்கர்ஃப் (NACURH) என்று சொல்கிறார்கள். 1954இல் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே தொடங்கியது, இன்றைக்கும் மாணவர்கள்தான் நடத்துகிறார்கள். அதே 1954இல்தான் இங்கே பேராதனைப் பல்கலைக்கழகமும் முறைப்படி திறக்கப்பட்டது. பிள்ளைகள் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும் என்று அப்போதைய உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் பிடிவாதமாக நின்று, அருணாசலம் விடுதி, இராமநாதன் விடுதி என்று எழுப்பிய காலம் அது. நாலு வருடத்துக்கு மேல் யாரும் தங்காத ஒரு இடத்தில் ஒரு சங்கம் எழுபது வருடம் எப்படி உயிரோடு இருக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நம்முடைய மகஜர், அந்தக் கோரிக்கை மனு, ஞாபகம் வந்தது.

உனக்கு நினைவிருக்கா? எந்தக் கம்பஸ் என்று இங்கே எழுதவில்லை, உனக்குத் தெரியும்தானே. மாரி மழைக்கு மோட்டர் எரிந்து ஒரு கிழமையாகக் கிணற்றில் வாளி போட்டு அள்ளினோம். நீதான் ராவோடு ராவாக மகஜர் எழுதினாய், தமிழ் அப்படி ஒரு தமிழ், "தாகத்தால் தவிக்கும் நாங்கள்" என்று தொடங்கும். 63 கையெழுத்து. கொண்டுபோய்க் கொடுத்தால் அந்த அலுவலர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, எந்தெந்த நாள், எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும் தண்ணி இல்லை?" நாங்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றோம். 63 பேரில் ஒருவன்கூட எழுதி வைக்கவில்லை. அவர் மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபம், இப்போது யோசித்தால் நம்மேல்தான் வந்திருக்க வேண்டும்.

இனி மகளின் கதை. அவளும் இப்போது ஒரு விடுதியில் முதலாம் வருடம். அறைக்கு நாலு பேர்: இவள், கல்முனைப் பிள்ளை ஒன்று, குருநாகல் சிங்களப் பிள்ளை ஒன்று, வவுனியாப் பிள்ளை ஒன்று. அவர்கள் ஒரு சி.ஆர். கொப்பி, அதுதான் தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி, வைத்திருக்கிறார்கள். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்தாள். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் அதே விசயம் சிங்களத்தில் குருநாகல் பிள்ளையின் கையெழுத்து, குண்டு குண்டாக, நெல்மணி மாதிரி. திகதி, நேரம், அறை இலக்கம், என்ன பழுது, யாரிடம் சொன்னது, என்ன பதில். இரண்டாம் மாடி பாத்ரூம் லைட்டுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். ஒரு மூலையில் யாரோ கோழிக்குஞ்சு கீறியிருக்கிறார்கள்.

நோன்பு தொடங்கியதும் பிரச்சினை வந்தது. மோட்டர் காலை 5 மணிக்குத்தான் போடுவார்கள். சஹர் சாப்பாட்டுக்கு மூன்றரைக்கு எழும்புகிற பிள்ளைகளுக்குக் குழாயில் காற்றுத்தான் வருகிறது. நோன்பு பிடிக்காத மூன்று பேரும் அந்த நேரத்தில் எழும்பி, போத்தல் நிரம்புகிறதா என்று பார்த்து எழுதியிருக்கிறார்கள். "3.40. ரூம் 14. அரைப் போத்தல்." அடுத்த நாள், "3.35. ஒன்றும் இல்லை." இப்படி எட்டு நாள். பிறகு உபவேந்தரிடமும் போகவில்லை, கோசமும் போடவில்லை, நேரே மோட்டர் போடுகிற அண்ணரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர் பாவம், எழுத்தில் ஒரு கட்டளை வந்தால் போடுகிறேன் என்றிருக்கிறார். கொப்பியோடு பராமரிப்புப் பிரிவுக்குப் போனார்கள், மூன்றாம் நாள் கட்டளை வந்தது. தண்ணீர் வந்த அன்று பின்னேரம் கல்முனைப் பிள்ளையின் வீட்டில் இருந்து ஒரு பெரிய சட்டி நோன்புக் கஞ்சி வந்ததாம், மாடி முழுக்கக் குடித்தார்களாம். மச்சான், நாங்கள் அந்தக் காலத்தில் நம் விடுதியில் பக்கத்து அறைக்காரனின் பெயர் தெரியாமல் ஒரு வருடம் இருந்தோம். கையெழுத்து வாங்கப் போனபோதுதான் கேட்டோம்.

எல்லாம் தேன் என்று நினைக்காதே. சீனியர் பிள்ளைகள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. முதலாம் வருடம் கொப்பி வைத்துக்கொண்டு திரிவதா என்று ஒரு ராத்திரி கூப்பிட்டு நிற்கவைத்திருக்கிறார்கள். 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் போட்டுப் பகிடிவதையைத் தடை செய்தாயிற்று, கட்டிலுக்குக் கட்டில் அது இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் அந்த ராத்திரியையும் எழுதிவிட்டார்கள், நேரத்தோடு, வாடனுக்குத் தெரியும் என்ற குறிப்போடு. அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை என்கிறாள். எனக்கு நம்பிக்கை பாதி, பயம் பாதி.

இப்போது அவளுக்குள்ள கவலை வேறு. அடுத்த வருடம் விடுதியில் இடம் கிடைக்காது, வெளியில் போர்டிங் பார்க்க வேண்டும். கொப்பியை யாரிடம் கொடுப்பது? நான் நம்ம ஊர்க் கோயிலைச் சொன்னேன். குடிக்கு ஒரு திருவிழா, கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் மாறுவார், கணக்குக் கொப்பி மாறாது. "அப்பா, அந்தக் கொப்பி கைமாறுகிற அன்றைக்குத்தானே வருசா வருசம் சண்டை" என்றாள். சரிதான்.

அதனால் உன் மகனிடம் ஒன்று கேட்டு எழுது. அவர்கள் பதவி மாறும்போது அடுத்து வருகிற பிள்ளையிடம் என்னத்தைக் கொடுக்கிறார்கள், எப்படி எழுதிக் கொடுக்கிறார்கள்? ஒரு படம் எடுத்து அனுப்பினாலும் போதும், மகள் பார்க்கட்டும். பழைய கொப்பியில் நாலு பக்கம்தான் மிச்சம். நாளைக்கு டவுனுக்குப் போகிறேன், பெரிய சி.ஆர். ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள், மட்டை தடித்ததாக.

ஆடிக்கு வருவாய் என்று எழுதியிருந்தாய். திகதியைச் சொல்லு, தயிர்ச் சட்டிக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்