நெடுந்தீவின் முருகைக்கல் வீடுகளையும் கொட்டில்களையும் சுண்ணாம்புச் சாந்தால் திருத்த ஆவன செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
கல்வேலை மேசன்மாரும் பழைய வளவு உரிமையாளர்களும்,
நெடுந்தீவு.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், நெடுந்தீவு.

விடயம்: பழைய கல்வீடுகள், குசினிகள், கொட்டில்கள், கல்வேலிகள் ஆகியவற்றின் திருத்த வேலை தொடர்பாக

மதிப்பிற்குரிய பிரதேச செயலாளர் அவர்களுக்கு,

நெடுந்தீவில் பழைய வளவு என்றால் வீடு மட்டுமல்ல. நடுவில் கல்வீடு, சற்று விலகிக் குசினி, பக்கத்தில் மால் என்னும் திறந்த கொட்டகையும் ஆட்டுக்கொட்டிலும், சுற்றிவரச் சாந்தில்லாமல் அடுக்கிய கல்வேலி. இத்தனைக்கும் ஒரே கல்தான், பவளப்பாறையிலிருந்து வரும் முருகைக்கல். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இக்கல்லை இனிக் கரையிலிருந்து அகழ முடியாது. அந்தத் தடை சரியானதே. அதனால்தான் இருக்கிற கல்லை உடைத்துப் பாதைக்கு நிரப்புவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

திருத்தம் என்ற பெயரில் நடப்பது அதைவிடக் கேடு. முருகைக்கல் நுண்துளைக் கல். நிலத்து ஈரத்தை உப்போடு உறிஞ்சி, சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே விட்டுவிடும். அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. உப்பு பூச்சுக்கு உள்ளேயே படிகமாகிக் கல்லை அரிக்கிறது. அப்படிப்பட்ட சுவரை விரல் மடக்கித் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். பூச்சைப் பெயர்த்தால் கல் வெள்ளை மாவாக உதிரும், நாவில் வைத்தால் கரிக்கும். கதவு நிலைக்கு மேல் போடும் இரும்புக் கம்பியும் உப்புக் காற்றில் துருவேறிப் பருத்துச் சுவரைப் பிளக்கும். அங்கே வைரம் பாய்ந்த முதிர்ந்த பனைத்துண்டு போதும்.

செய்ய வேண்டியது இதுதான். சீமெந்தைச் சிறு உளியால் மெதுவாகக் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடை காலம் உலரவிட வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை நீரடியில் இரண்டு வாரமாவது, முடிந்தால் ஒரு மாதம், ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் சேர்க்க வேண்டும். மணலைக் கழுவவும் சாந்து குழைக்கவும் மழைநீரே வேண்டும். உவர்க் கிணற்று நீர் பட்டால் பாடு வீண். மெல்லிய பூச்சாக இரண்டு தடவை பூசி, ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரம் காக்க வேண்டும்.

கல்வேலி சரிந்தால் வெடிப்பில் சாந்து அடைக்கக் கூடாது. பிதுங்கிய பகுதியை அடிவரை பிரித்து, பெரிய கல்லை அடியில் வைத்து, இரு முகமாக உட்சாய்வோடு அடுக்கி, நடுவில் சிறுகல்லை இறுக்க வேண்டும். மண் போட்டால் மாரியில் கரைந்து வேலி வயிறு தள்ளும். மூன்றடிக்கொரு நீளக்கல் இரு முகத்தையும் குறுக்கே பிணைக்க வேண்டும்.

தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் (1940) பொதுவாகக் காப்பது 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களையே. அதற்குப் பிந்திய வளவுகளைக் கவனிக்கத் தங்கள் செயலகமே எங்களுக்குக் கிட்டிய இடம்.

ஆகவே, வீட்டுத் திருத்த உதவி மதிப்பீடுகளில் சீமெந்துக்குப் பதிலாகச் சுண்ணாம்பைச் சேர்க்க இடமளிக்கவும், குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் சீமெந்து வருவதுபோல் சுண்ணாம்பும் வர ஒழுங்கு செய்யவும், இடிந்த வளவின் கல் வளவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என அறிவிக்கவும் வேண்டுகிறோம். கிராம அலுவலர்களைக் கொண்டு எஞ்சிய கல்வீடுகளையும் கொட்டில்களையும் மாரிக்கு முன் படத்துடன் பதிவு செய்தால், எதை முதலில் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதை நாங்கள் உடன்வந்து காட்டுவோம்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்