சனிக்கிழமை ஆட்டத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த பெட்டிச் செய்தியைப் படித்தேன். பாஸ்டன் யுனிவர்சிட்டியும் (பி.யு.) பாஸ்டன் காலேஜும் (பி.சி.) மோதினாலே அடிதடிதான் என்ற தொனியில் நாலு வரி. கூடவே, கோல் வலைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து நிற்கும் படம். செய்தியில் வெள்ளிக்கிழமை மட்டும் இருந்தது, சனிக்கிழமையைக் காணவில்லை.

அந்தப் படத்தையே இன்னொரு முறை பாருங்கள். இருவர் முகத்தையும் கம்பிக் கூண்டு மூடியிருக்கிறது, கையுறைகள் கையிலேயே இருக்கின்றன. கல்லூரி விதிப்படி முகம் முழுக்க மூடியிருக்க வேண்டும். என்.ஹெச்.எல். தொழில்முறை ஆட்டத்தில் கண்ணுக்கு மட்டும் அரைக் கண்ணாடி போதும். கம்பியில் குத்தினால் குத்துகிறவன் விரல்தான் உடையும். விதிப் புத்தகம் அதைவிடக் கடுமையானது. கையுறையைக் கழற்றிச் சண்டை போட்டால் 5 நிமிட பெனால்டி, அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற்றம், அடுத்த ஆட்டத்துக்கும் தடை. ஒரே பருவத்தில் இரண்டாவது தடவை மாட்டினால் தடை இரண்டு ஆட்டமாகிவிடும். என்.ஹெச்.எல்.லிலோ 5 நிமிடம் பெனால்டி பெட்டியில் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஆட வந்துவிடலாம். கல்லூரிப் பையன்கள் சட்டையைப் பிடிப்பதோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

'அடுத்த ஆட்டம்' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஹாக்கி ஈஸ்ட் என்ற கல்லூரி லீகில் இந்த இரு அணிகளும் வழக்கமாக வெள்ளியும் சனியுமாக அடுத்தடுத்து மோதும். ஒரு நாள் பி.யு.வின் அகானிஸ் அரங்கம், மறுநாள் பி.சி.யின் கான்டி ஃபோரம். இரண்டுக்கும் நடுவே காமன்வெல்த் அவென்யூவில் சுமார் 4 மைல். கிரீன் லைன் ரயிலின் பி கிளை அந்தச் சாலையின் நடுவிலேயே சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகும். பி.யு.வின் சிவப்பும் பி.சி.யின் மஞ்சள் டி-ஷர்ட்டும் ஒரே பெட்டியில் முறைத்துக்கொண்டு வரும். வெள்ளி இரவு மூன்று கோல் பின்தங்கி, கடைசி 5 நிமிடத்தில் ஆத்திரத்தில் கை ஓங்குகிறவன், ஏற்கெனவே தோற்றுவிட்ட ஆட்டத்துக்காகச் சனிக்கிழமையை இழக்கிறான். இப்படிப்பட்ட நேரத்தில் கோபக்காரர்களைப் பயிற்சியாளர் பெஞ்சை விட்டு எழ விடமாட்டார்.

சரி, அடிதடி இல்லையென்றால் அந்த வார இறுதியை எது முடிவு செய்கிறது? முதலில் பார்க்க வேண்டியது கடைசி ஆள் மாற்றம். ஐஸ் ஹாக்கியில் ஒரு அணி மூன்று மூன்று முன்கள வீரர்களாக நான்கு வரிசைகளையும், இரண்டு இரண்டு பேராக மூன்று தடுப்பு ஜோடிகளையும் வைத்திருக்கும். ஒவ்வொரு வரிசையும் 40, 45 விநாடிதான் ஆடும், பிறகு மாறிவிடும். ஆட்டம் நின்று, நடுவர் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை) இருவருக்கு நடுவே போட்டு மறுபடி தொடங்கும் ஃபேஸ் ஆஃப் வரும்போது விருந்தாளி அணி முதலில் ஆட்களை இறக்கியாக வேண்டும். அதன் பிறகே நடுவர் கையை உயர்த்துவார். எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு சொந்த அரங்கில் ஆடும் அணி தன் ஆட்களை அனுப்பும். சீட்டாட்டத்தில் எதிராளி சீட்டைப் பார்த்துவிட்டு இறக்குவது மாதிரி இது.

2023-24 பருவத்தில் பி.சி.யின் முதல் வரிசையில் வில் ஸ்மித், ரையன் லெனார்ட், கேப் பெரோ என்று மூன்று முதலாண்டு மாணவர்கள். மூவரும் கல்லூரிக்கு வருமுன்பே தேசிய இளையோர் அணியில் ஒன்றாக ஆடியவர்கள். அகானிஸில் ஆட்டம் என்றால் இவர்களுக்கு எதிரே யாரை நிறுத்துவது என்று பி.யு. பயிற்சியாளர் ஜே பண்டோல்ஃபோ முடிவு செய்யலாம். கான்டியில் அந்த வசதி பி.சி. பயிற்சியாளர் கிரெக் பிரவுன் கைக்குப் போய்விடும். எதிரணியின் சிறந்த தடுப்பு ஜோடி களைத்து உட்கார்ந்த நேரம் பார்த்து அவர் இந்த மூவரை இறக்கலாம். ஆட்களும் திட்டமும் முதல் நாள் இருந்ததேதான். 24 மணி நேரத்தில் சீட்டைப் பார்க்கும் உரிமை மட்டும் கைமாறியிருக்கும். (இரண்டு பயிற்சியாளர்களும் அந்தந்தக் கல்லூரிக்காகவே ஆடியவர்கள், இருவரும் பொறுப்பேற்றது 2022-இல். பகை எங்கிருந்து வருகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

விருந்தாளி அணிக்கும் தப்பிக்க வழி உண்டு. ஃபேஸ் ஆஃபுக்கு ஒரு வரிசையை இறக்கி, 10, 15 விநாடியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை இழுத்துவிட்டுத் தனக்கு வேண்டியவர்களை அனுப்பலாம். இதில் இரண்டு விதமாகச் சறுக்கும். உள்ளே இருப்பவன் பெஞ்சுக்கு வந்து சேருமுன் வெளியே இருப்பவன் குதித்து பக்கைத் தொட்டுவிட்டால், ஆள் அதிகம் என்று 2 நிமிட பெனால்டி. பக் தன் வசம் இல்லாதபோது மாற்றினால், மாறுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் எதிரணி தனியாக ஓடிவிடும். ஆட்டத்தின் மூன்று கட்டங்களில் இரண்டாவதில் இந்த ஆபத்து இரட்டிப்பு. அணிகள் பக்கம் மாறியிருப்பதால் தடுப்பு எல்லை பெஞ்சிலிருந்து தூரத்தில் இருக்கும். களைத்த ஐந்து பேர் தங்கள் கோல் அருகே மாட்டிக்கொண்டால் மாற வழியே இருக்காது. மூச்சு வாங்க பக்கை நடுக்கோட்டுக்கு இப்பாலிருந்தே எதிர்முனை வரை நீளமாகத் தட்டிவிட்டால் அது ஐசிங் என்ற தவறு ஆகிவிடும், ஐசிங் செய்த அணிக்கு ஆள் மாற்றும் அனுமதி கிடையாது. அதே ஐந்து பேர் அப்படியே நின்று ஃபேஸ் ஆஃப் எடுக்க வேண்டும். கோல் விழுந்த பிறகு கீப்பரைத் திட்டுகிறவர்கள், அதற்கு ஒரு நிமிடம் முன்னால் யார் மாற முடியாமல் நின்றார்கள் என்று பார்ப்பதில்லை.

அடுத்து தளத்தின் அகலம். நீளம் எங்கும் 200 அடி. அகலம் அகானிஸில் 90 அடி, கான்டியில் 87. பாஸ்டன் பகுதிக் கல்லூரிகள் நான்கு மோதும் பீன்பாட் போட்டி நடக்கும் டி.டி. கார்டனில் 85. வெள்ளிக்கும் சனிக்கும் உள்ள வித்தியாசம் பக்கத்துக்கு ஒன்றரை அடிதான், அதை நான் ஊதிப் பெரிதாக்க மாட்டேன். ஆனால் அகானிஸில் ஆடிவிட்டுக் கார்டனுக்குப் போகும்போது அது பக்கத்துக்கு இரண்டரை அடி ஆகிறது. பவர் பிளேயில் அது தெரியும். கிரிக்கெட் பவர் பிளே அல்ல இது: எதிரணியில் ஒருவன் பெனால்டி பெட்டியில் இருக்க, ஐந்து பேர் நால்வருக்கு எதிராக ஆடுவது. அகலமான தளத்தில் அந்த நால்வரின் சதுரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிளக்கலாம். குறுகிய தளத்தில் அதே பாஸின் குறுக்கே ஒரு மட்டை நீண்டுவிடும். சாதாரண 2 நிமிட பெனால்டி ஒரு கோல் விழுந்ததும் முடிந்துவிடும். 5 நிமிட பெனால்டியில் எத்தனை கோல் விழுந்தாலும் ஐந்து நிமிடமும் ஓடும். ஒரு முரட்டு மோதலில் ஆட்டமே கைவிட்டுப் போவது இதனால்தான்.

பனித்தளமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கான்டியில் கூடைப்பந்தும் நடக்கும். பனிக்கட்டியின் மேல் வெப்பம் கடத்தாத பலகை பரப்பி, அதன்மேல் மரத்தளம் போட்டு ஆடுவார்கள். பலகையை எடுத்த பிறகு மேல்பரப்பைச் சுரண்டி மறுபடி நீர் விட்டு உறைய வைக்க வேண்டும். அரங்கம் நிரம்பினால் கூட்டத்தின் மூச்சுக் காற்றே ஈரத்தை ஏற்றும், ஈரம் ஏறினால் பனி மெத்தென்று ஆகும். பக் என்பது 3 அங்குல விட்டமும் 1 அங்குல கனமும் உள்ள கெட்டி ரப்பர். துள்ளாமல் இருக்க அதை உறைய வைத்துத்தான் ஆட்டத்துக்கு எடுப்பார்கள். மூன்றாவது கட்டத்தின் கடைசியில், கீறல் விழுந்த பனியில் அது எப்படியும் துள்ளும். அழகான குறுக்கு பாஸை அப்போது முயல்வது வம்பை விலைக்கு வாங்குவது. தடுப்புக் கண்ணாடியோரமாகத் தட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.

2024 ஜனவரி இறுதியில் நாட்டின் முதல் இரண்டு இடங்களில் இருந்தவை இந்த இரு அணிகள்தான். அந்த வார இறுதியின் இரண்டு ஆட்டத்தையும் பி.சி. வென்றது. முதலில் சொன்ன சீட்டு உரிமைக் கணக்கு எடுபடாத வார இறுதி அது, நான்கு வரிசைகளும் நன்றாக ஆடினால் எந்தக் கணக்கும் எடுபடாது. ஆனால் பிப்ரவரி 5 அன்று பீன்பாட் அரையிறுதியில் பி.யு. 4-3 என்று திருப்பிக் கொடுத்தது. மார்ச்சில் ஹாக்கி ஈஸ்ட் இறுதி ஆட்டத்தில் பி.சி. 6-2. ஏப்ரலில் செயின்ட் பால் நகரில் தேசியக் கடைசி நால்வரில் இரண்டுமே இருந்தன. அங்கே டென்வர் பல்கலைக்கழக அணி பி.யு.வைக் கூடுதல் நேரத்தில் 2-1 என்றும், இறுதியில் பி.சி.யை 2-0 என்றும் சாய்த்துக் கோப்பையை எடுத்துப் போனது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

புள்ளிக் கணக்கையும் தங்கள் செய்தி தொடவில்லை. 60 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி. சமனானால் மூன்று பேருக்கு மூன்று பேர் என்று 5 நிமிடக் கூடுதல் ஆட்டம், அதிலும் முடியாவிட்டால் ஷூட் அவுட். அப்படி வென்றால் 2, தோற்றவருக்கு 1. ஷூட் அவுட் வெற்றி லீக் பட்டியலுக்கு மட்டும்தான், தேசியக் கணக்கில் அது சமன். ஆக ஒரு வார இறுதியில் கிடப்பது மொத்தம் 6 புள்ளி. வெள்ளிக்கிழமை கூடுதல் நேரத்தில் தோற்று, சனிக்கிழமை முழு நேரத்தில் வென்ற அணிதான் 4-2 என்று மேலே நிற்கும். 'தொடர் சமன்' என்று எழுதினால் அது தப்பு.

கூட்டத்தின் கூச்சல் பற்றி ஒரு வார்த்தை. கோல் விழுந்ததும் மாணவர் பகுதி எதிரணி கீப்பரைக் கை நீட்டி 'சல்லடை, சல்லடை' என்று கத்தும். அது மரபு, யாருக்கும் வலிக்காது. கெட்ட வார்த்தைக் கோஷங்களும் உண்டு, அவற்றை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அது மாடத்தில் நடப்பது. 1918 முதல் தொடரும் இந்தப் போட்டியில் தளத்தில் நடப்பது வேறு.

அடுத்த முறை இந்த ஆட்டங்களைப் பற்றி எழுதும்போது, படத்துக்கு ஒதுக்கிய இடத்தில் பாதி போதும், இரு நாளின் கோல் கணக்கோடு மூன்றே மூன்று எண்களைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: ஒவ்வொரு அணியும் கோலை நோக்கி அடித்த அடிகள், கிடைத்த பவர் பிளேக்கள், அவற்றில் விழுந்த கோல்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிரைட்டன், பாஸ்டன்