அந்த வல்கன் கோடிங்கை அழித்துவிடாதே

மச்சான்,

கிராபிக்ஸ் கார்டிடம் படம் வரையச் சொல்லும் உன் வல்கன் ரெண்டரரைத் தூக்கிவிட்டு, மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டியை மட்டும் வைத்துக்கொள்ளப்போவதாக நீ எழுதிய மெயில் வந்து எட்டு மாதமாகிறது. பதில் போடாதது என் தப்புதான், மன்னித்துவிடு. வீட்டில் எல்லோரும் நலம். நேற்று ராத்திரி நடந்ததை உன்னிடம் சொல்லாமல் தூக்கம் வரவில்லை, அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

விண்டோஸை மொத்தமாக எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுவிட்டேன். ஹாஸ்டலில் நீ, எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவான ஓப்பன்ஜிஎல்லுக்குக் கொடி பிடித்தபோதெல்லாம் டைரக்ட்3டிக்காகத் தொண்டை வறளக் கத்தினேனே, அதே நான்தான்! நேற்று ஒரு டைரக்ட்3டி 11 கேமை, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டானில் ஓட்டினேன். முதல் கதவைத் திறந்ததும் படம் அரை நொடி அப்படியே நின்றது. வெளியே வந்து அதே கதவை மறுபடி திறந்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. முதல் தடவை ஷேடர்களை (நிறம், ஒளி கணக்கிடும் குட்டி நிரல்கள்) என் ஜிபியுவுக்கு, அதாவது கிராபிக்ஸ் சிப்புக்கு, ஏற்றபடி கம்பைல் செய்ய எடுத்துக்கொண்ட நேரம் அது, அவ்வளவுதான். விண்டோஸிலும் எத்தனையோ கேம்களில் இந்தத் திக்கல் உண்டு. அப்புறம் மூன்று மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை.

கேம் டைரக்ட்3டி என்று நினைத்துக்கொண்டு கூப்பிடுகிறது, புரோட்டானுக்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே நடுவில் நின்று ஒவ்வொரு அழைப்பையும் வல்கனாக மாற்றிக் கொடுக்கிறது. 2018-ல் ஸ்டீம் நடத்தும் வால்வ் கம்பெனி புரோட்டானை வெளியிட்டபோது 'ஒட்டுப்போட்ட சட்டை' என்றாயே, 2022-ல் அவர்களுடைய கையடக்க கேம் கருவி ஸ்டீம் டெக் அதே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கடைக்கு வந்தது.

ஆனால் இது இவ்வளவு நன்றாக ஓடுவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. 'டைரக்ட்3டியில் மட்டும் எழுது, மிச்சத்தைப் புரோட்டான் பார்த்துக்கொள்ளும்' என்று ஸ்டுடியோக்கள் இருந்துவிடலாம் இல்லையா? கார்டு செய்யும் ஏஎம்டி தன் கிராபிக்ஸ் முறையான மேன்டிலை, பல கம்பெனிகளின் கூட்டமைப்பான குரோனோஸுக்குக் கொடுத்து, அதிலிருந்து 2016-ல் வல்கன் 1.0 வந்தபோது, ஒருமுறை எழுதினால் எங்கேயும் ஓடும் என்று எவ்வளவு சந்தோஷப்பட்டோம். ஆப்பிள் அதற்கு முன்பே, 2014-லேயே, மெட்டல் என்று தனி வழி போய்விட்டது. அங்கே வல்கன் வேண்டுமென்றால் மோல்டன்விகே மாதிரி இன்னொரு மொழிபெயர்ப்பு வேண்டும். இங்கேயோ மைக்ரோசாஃப்ட் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் மொழிபெயர்ப்பவர்கள் பின்னாலேயே ஓட வேண்டும். பிசி கேமிங் முழுவதும் லினக்ஸுக்கு வந்தாலும் சாவி ஒரே கம்பெனியிடம்தான் இருக்கும். இதில் ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் ஆன்ட்டி-சீட் வேறு. படம் எவ்வளவு சரியாக வந்தாலும் சில ஆன்லைன் கேம்கள் லினக்ஸ் என்று தெரிந்ததும் வாசலிலேயே திருப்பி அனுப்புகின்றன. ஒரே ஆறுதல், டைரக்ட்3டியின் ஷேடர் மாடல் 7-லிருந்து, வல்கன் ஷேடர்களின் வடிவமான ஸ்பிர்-வியை ஏற்பதாக மைக்ரோசாஃப்டே 2024-ல் அறிவித்தது.

இப்போது உன் விஷயம். வல்கன் ரெண்டரரைத் தூக்கிவிட்டு டைரக்ட்3டி 12 மட்டும் வைத்துக்கொள்ளப்போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம்டா. ஒரு முக்கோணம் வரையவே ஆயிரம் வரி, ஒரு பேரியர் (வேலைகளின் வரிசையைக் காக்கும் கட்டளை) விட்டுப்போனால் உன் கார்டில் சரியாக வருவது இன்னொருவர் கார்டில் மினுக்குகிறது, எல்லாம் தெரியும். வரிசையைப் பார்த்துக்கொள்ளும் அந்த சிங்க் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன், கோடிங் இருக்கும் ரெப்போவில் என்னைச் சேர். கண்ணாடிக்காரனையும் இழுத்துவிடலாம், அவனிடம் வேறு கம்பெனி கார்டு இருக்கிறது, டெஸ்ட் பண்ண ஆகும். சனிக்கிழமை ராத்திரி கூப்பிடுகிறேன், அதுவரை எதையும் டெலீட் பண்ணாதே.

உன்,
பழைய அறைத்தோழன்