கல்லூரிக் கூடைப்பந்துத் திடல் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

திடல் வேலை மாசியோடு முடிந்தது. கணக்கை முடிக்கப் பங்குனி ஆகிவிட்டது. இடையில் "கணக்கு எப்போது வரும்" என்று கேட்டவர்கள் உண்டு, "கணக்கு வருமா" என்று கேட்டவர்களும் உண்டு. இரு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். 1980 முதல் மூன்று வருடம் நம் அணிக்கு ஸ்கோர் எழுதியவன் நான். பந்தைத் தொட்டதைவிடப் பேனாவைத் தொட்டதுதான் அதிகம். செயலாளர் பொறுப்பை என் தலையில் கட்டியதற்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

கூடைப்பந்துத் திடலுக்குப் போய்த் திருப்பணி என்று பெயரா என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்தார். "வசூல் என்றால் பின்கட்டுக்கு ஓடுகிறவன்கூடத் திருப்பணி என்றால் முகப்புக்கு வருவான்" என்றார் தலைவர். பெயர் நிலைத்தது. தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கிற புள்ளி வரி முறையையும் கோயிலிலிருந்தே எடுத்துக்கொண்டோம். புள்ளிக்கு 3,000 ரூபாய். பட்டியலில் 164 புள்ளி. 153 பேர் கட்டிவிட்டார்கள். மீதி 11 பேர் யார் என்பது அவர்களுக்கே தெரியும்.

விளக்குக் கம்பம் நான்கு நட்டாயிற்று, எரிகிறது. போஸ்ட், போர்டு, ரிங் எல்லாம் புதிது. இந்த இரண்டும் மதிப்பீட்டுக்குள் முடிந்ததால் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இனி தரைக்கு வருகிறேன்.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். இரண்டு பேர் கான்கிரீட்டுக்கு மட்டும் ஏழு லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். மூன்றாமவர் 5,20,000 என்றார். அவர் பொருளாளரின் சொந்தக்காரர் என்று ஒரு பேச்சு ஓடியது. சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. பொருளாளர் வீட்டுக் கல்யாணம் நடந்த மண்டபத்துக்குத் தரை போட்டவர், அவ்வளவுதான். அந்தத் தரையை நான் போய்ப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. கூரைக்குள் இருக்கிற தரையையும் வெட்டவெளியில் கிடக்கிற திடலையும் ஒன்றாக எண்ணியது குழுவின் தப்பு. அதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன், பின்னால் யாரும் கண்டுபிடித்ததாகச் சொல்ல வேண்டாம்.

திடல் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். கோட்டுக்கு வெளியே சுற்றிலும் இரண்டு மீட்டர் விட்டால் 32-க்கு 19. வெளித் திடலுக்குத் தண்ணீர் வடிய நூற்றுக்கு ஒன்று வாட்டம், சரிவு, வேண்டும். அதாவது கிழக்கு ஓரத்துக்கும் மேற்கு ஓரத்துக்கும் 19 சென்டிமீட்டர் வித்தியாசம். நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ஒப்பந்தத் தாளில் இதை நானே கையால் எழுதிச் சேர்த்தேன். ஆவணியில் கான்கிரீட் போட்டபோது ஒப்பந்தக்காரர், "அண்ணே, வாட்டம் விட்டா பந்து ஓடிப்போயிரும்ல, வெளையாடுற எடம் மட்டமாத்தானே இருக்கணும்" என்றார். நான் தாளைக் காட்டினேன். சரி என்று தலையாட்டினார். மறுநாள் மட்டம் பார்க்கிற டியூப் லெவல் பிடித்துப் பார்க்க எனக்குத் தோன்றாமல் போனது. அன்றைக்கு என் பேத்திக்குக் காது குத்து.

அடுத்தது பெயின்ட். புதுக் கான்கிரீட்டைப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி ஆறவைத்து, 28 நாள் கழித்துத்தான் அக்ரிலிக் பூச்சு ஏற்ற வேண்டும். அடியில் ஈரம் இருந்தால் மேலே கொப்புளம் விடும். இவர் பன்னிரண்டாம் நாளே பூசிவிட்டார். ஏன் அவசரம் என்று கேட்டால் தப்பு முழுவதையும் அவர் மேல் போட முடியாது. சிங்கப்பூரிலிருந்து ஐந்து பேர் டிக்கெட் போட்டிருந்தார்கள். புரட்டாசி முடிவதற்குள் திறப்பு விழா என்று தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். "கொஞ்சம் வெரசாப் பாருங்க" என்று ஒப்பந்தக்காரரிடம் சொன்ன வாய்களில் என் வாயும் ஒன்று. ஆனால் வெரசு என்றால் ஆட்களைக் கூட்டுவது. நாளைக் குறைக்கச் சொல்லவில்லை.

விழா நன்றாகத்தான் நடந்தது. ஐப்பசியில் முதல் மழை பெய்தது. வடக்கு ரிங்குக்குக் கீழே செருப்பு முங்குகிற அளவுக்குத் தண்ணீர் நின்றது. அளந்தால் நாலு சென்டிமீட்டர். மூன்றாம் நாளும் வடியவில்லை, காக்கை வந்து குளித்தது. அந்தப் படத்தை எடுத்து "நீச்சல்குளத் திருப்பணி இனிதே நிறைவு" என்று எழுதி உறுப்பினர் ஒருவரே சுற்றவிட்டார். அவர் கட்டியது ஒரு புள்ளி. என் பெண்ணுக்கு மெல்போர்னில் அந்தப் படம் போய்ச் சேர்ந்து, அவள் எனக்கு அனுப்பினாள். தண்ணீர் வற்றியதும் பூச்சு தோசை மாதிரி கொப்புளித்து உரிந்தது.

பஞ்சாயத்து தலைவர் வீட்டு முகப்பில் நடந்தது. ஒப்பந்தக்காரர் ஒரு பெரிய ரசமட்டக் கட்டையோடு வந்தார். "கட்டையை வச்சுப் பாருங்க, குமிழி நடுவுல நிக்குது" என்றார். அதுதானய்யா புகார், குமிழி நடுவில் நிற்கக் கூடாது என்றுதானே எழுதிக் கொடுத்தேன் என்றேன். "ஒங்க பயலுக ஆறடிக்கு எழும்பிக் குதிச்சா எந்தத் தரையும் பேந்துரும்" என்றார் அடுத்து. நம் இப்போதைய அணியில் ஆறடிக்கு எழும்புகிற பையன் இருந்தால் நாங்கள் ஏன் கவலைப்படப் போகிறோம்? நாலு மணி நேரம் பேசினோம். இரண்டு முறை எழுந்து போனார், இரண்டு முறையும் காபிக்குத் திரும்பினார். அவருக்குத் தர வேண்டிய பாக்கி 1,20,000. அதில் 45,000 கொடுத்து, 75,000 பிடித்துக்கொண்டு, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக் கணக்கைத் தீர்த்தோம். கேஸ் போட்டிருக்க வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். போட்டிருந்தால் இந்த அறிக்கையை என் பேத்தி எழுதியிருப்பாள்.

தையில் வேறு கொத்தனாரை வைத்து வடக்குப் பாதியைப் பெயர்த்து, வாட்டத்தோடு மறுபடி போட்டது 2,20,000. இந்த முறை தினமும் காலையில் டியூப் லெவலோடு நான் நின்றேன். 28 நாளும் முழுசாக ஆறவைத்தோம். மறு பூச்சு 85,000. மேற்கு ஓரத்தில் வடிகால் 33,000. ஆக 3,38,000. பிடித்த 75,000 போக, மதிப்பீட்டுக்கு மேல் போனது 2,63,000.

ஆவணியில் கான்கிரீட் போடும் முன் பழைய தரையைப் பெயர்த்தபோது இன்னொன்று வெளியே வந்தது. அதைச் சொல்லாமல் விடலாம் என்று குழுவில் நாலு பேர் சொன்னார்கள். ஸ்கோர் எழுதினவன் விட முடியாது. செம்மண் தரைக்கு மேல் ஒரு சிமென்ட் தரை, அதற்கு மேல் இன்னொரு சிமென்ட் தரை. வடக்குப் பக்கம் மட்டும் இரண்டாவது தரை இரண்டு அங்குலம் தடிமன். போஸ்ட் அப்படியே நிற்க, தரை மேலே வந்துவிட்டது. பழைய ரிங்கைக் கழற்றும் முன் அளந்தேன். தெற்கு ரிங் 3.05 மீட்டர், விதிப்படி பத்து அடி. வடக்கு ரிங் சரியாக மூன்று மீட்டர். டாஸ் ஜெயித்தாலும் தோற்றாலும் நம் பையன்கள் எப்படியாவது இரண்டாம் பாதியில் வடக்கு ரிங்கைக் கேட்டு வாங்குவார்களே, ஞாபகம் இருக்கிறதா? ராசி என்று நினைத்தோம்.

இதைக் கேட்டுப் பதினைந்தாம் நம்பர் பனியன்காரரின் ஆட்கள் கொதித்தார்கள். எம்பிப் பந்தைக் கையாலேயே ரிங்குக்குள் அமுக்குவது டங்க். நம் கல்லூரி சரித்திரத்தில் ஒரே டங்க் அவருடையது, அது வடக்கு ரிங்கில். ஐந்து சென்டிமீட்டரால் அந்த டங்க் பொய்யாகிவிடாது. எதிரணிக்கும் முதல் பாதியில் அதே ரிங்தானே, அவர்களில் ஒருவனும் போடவில்லையே? நான் மேஜையிலிருந்து பார்த்தேன், போர்டு அதிர்ந்து மேலே இருந்த காக்கைக் கூடு விழுந்தது. ஸ்கோர் ஷீட்டில் இரண்டு என்று மட்டும் எழுதினேன், டங்குக்குத் தனி எழுத்து கிடையாது.

அப்புறம் பழைய ஒன்பது. எங்கள் காலத்தில் 4 முதல் 15 வரைதான் பனியன் எண், அதனால் நமக்கு மூன்று ஒன்பது உண்டு. பழைய ஒன்பது வேப்பமரத்து மூலைக்காரர். நடு ஒன்பது முதல் பாதியிலேயே ஐந்து ஃபவுலும் முடித்து வந்து தன் பக்கத்தில் உட்காருவார் என்று அடுத்த ஸ்கோரர் சொல்வார். சின்ன ஒன்பது இப்போது மதுரையில் பல் டாக்டர். பழைய ஒன்பதின் எண்ணை இனி யாருக்கும் கொடுக்கக் கூடாது, பனியனைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று 22 பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்பதை நிறுத்தினால் ஏழுக்கும் பதினைந்துக்கும் மனு வரும். நாங்கள் மறுத்தோம். 2014-க்குப் பிறகு எண்ணுக்குத் தட்டுப்பாடு இல்லை என்று ஒருவர் விதிப் புத்தகத்தோடு வந்தார். சரிதான், ஆனால் மாட்ட வேண்டிய பனியன் எங்கே? தன் மனைவி தரை துடைத்தே தீர்த்துவிட்டதாகப் பழைய ஒன்பதே சிரித்துக்கொண்டு சொன்னார்.

மனுவில் அவர் தேவகோட்டை அணிக்கு எதிராக 52 போட்டதாக எழுதியிருந்தது. ஷீட் என்னிடம் இருக்கிறது: 16 கூடை, 5 ஃப்ரீ த்ரோ, மொத்தம் 37. தூரத்திலிருந்து போட்டால் மூன்று தருகிற மூணு பாயிண்ட் கோடு இருந்திருந்தால் என்று உடனே கணக்குப் போட்டார்கள். அது சர்வதேச விதிக்கு வந்ததே 1984-ல், அவர் படித்து முடித்துப் போன பிறகு. எத்தனை கூடை வேப்பமர மூலையிலிருந்து விழுந்தது என்று ஷீட்டில் எழுத இடம் இல்லை. மரம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. அவர் நிற்கும் இடத்தைக் காட்டச் சொல்லி ரிங்கிலிருந்து டேப் பிடித்தேன்: ஏழு மீட்டர். இப்போதைய கோடு மூலையில் 6.60-தான். அந்த மூலைக்கு வெளியே, மரத்தடியில், ஓர் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறோம். பெயர் இல்லை, எண் மட்டும். திடல் முழுக்க ஆத்தங்குடிக் கல் பதிக்கச் சொன்ன அன்பருக்கும் இதுதான் பதில். மழையில் அதில் ஓடினால் அணியே ஆஸ்பத்திரியில்தான் இருக்கும்.

கீ, அதாவது ரிங்குக்கு முன்னால் தரையில் போடுகிற கட்டம், பற்றி: நமக்குப் பழக்கமான அந்தச் சரிவகம் 2010-லேயே போய்விட்டது. இப்போது 4.9 மீட்டர் அகலச் செவ்வகம். நினைவுக்காகப் பழைய கோட்டை மஞ்சளில் போடச் சொன்னார்கள். போடவில்லை, ஆடுகிற பிள்ளைகளுக்குக் கண் குழம்பும்.

நன்கொடையாளர் பெயர்ப் பலகை ஏன் இல்லை என்று கேட்கிறீர்கள். முதல் பட்டியல் ஒட்டிய அன்றே மூன்று சண்டை: ஒருவருக்கு இனிஷியல் தப்பு, ஒருவருக்கு ஊர் தப்பு, ஒருவருக்குத் தனக்கு மேலே இருக்கும் பெயரே தப்பு. ஒருவர் தன் அப்பச்சி பெயரைப் போர்டிலேயே எழுதச் சொன்னார், ரிங்குக்கு மேலே இருக்கிற கட்டத்துக்குள். அதனால் இங்கே எண்ணோடு நிறுத்துகிறேன், பெயரெல்லாம் பேரேட்டில் இருக்கிறது. தலைவரான எங்கள் காலத்து ஏழு 1,00,000. பதினைந்து 1,50,000. சிங்கப்பூர் ஐவர், அதாவது நாலு, ஆறு, எட்டு, பதினொன்று, பதினாலு, சேர்ந்து 2,50,000. பழைய ஒன்பது 40,000, இரண்டு தவணையில். நடு ஒன்பது 50,000, சின்ன ஒன்பது 60,000. பெண்கள் அணியின் ஏழு திருப்பத்தூரில் உடற்கல்வி ஆசிரியை. தன் அணியில் பதினொரு பேரிடம் தலைக்கு ஆறாயிரம் பேசி, பதினொரு பேரிடமும் வாங்கி 66,000 அனுப்பினார். வசூல் எப்படிச் செய்வது என்று அவரிடம் ஒரு வகுப்பு வைக்கலாம். அணியில் ஆடாமல் சைக்கிளில் பின்னாலேயே வந்த ரசிகர்கள் 31 பேர் சேர்ந்து 97,999. கல்லூரி வாசலில் பணியாரக் கடை வைத்திருந்த ஆச்சி 1,001. ரசீது எழுதும்போது, "பதினஞ்சு ஒன்றரை லச்சமா? எனக்கு நாப்பத்தெட்டு பணியாரத்துக்கு வரணுமே" என்றார். ஆக 8,15,000.

வள்ளல் அழகப்பர் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கிக் கொடுத்த ஊர் நம் காரைக்குடி. அதே ஊரில் மூவாயிரத்துக்கு நான் ஒரே வாசலை ஏழு முறை மிதித்தேன். என் செருப்புச் செலவு கணக்கில் சேரவில்லை.

கூடுதல் செலவை அடைத்தது ஏலம். பிள்ளையார் நோன்புக்குக் கூடியபோது பழைய ரிங் இரண்டையும் ஏலம் விட்டோம். நோன்பு ஏலத்தில் உப்பையே போட்டி போட்டு எடுக்கிறவர்கள் இரும்பை விடுவார்களா? தெற்கு ரிங் 40,000. வடக்கு ரிங் மூன்று மீட்டர் என்று அறிவித்த பிறகுதான் கூவினேன். விலை குறையும் என்று பயந்தேன், ஏறியது. ஒன்பதின் ஆட்களும் பதினைந்தின் ஆட்களும் மாறி மாறிக் கேட்டு 91,000-க்குப் பதினைந்தின் வகுப்புத் தோழர்கள் எடுத்தார்கள். ஏலப் பணத்தை அடுத்த நோன்புக்குள் கட்டுவதுதானே வழக்கம் என்றார்கள். கொத்தனாருக்கு அந்த வழக்கம் தெரியாது என்று சொல்லி அன்றைக்கே வாங்கினேன். அதில் சிலருக்கு இன்னும் வருத்தம்.

ஐந்தொகை: புள்ளி வரி 4,59,000, நன்கொடை 8,15,000, ஏலம் 1,31,000, வங்கி வட்டி 6,400. வரவு 14,11,400. செலவு, மதிப்பீட்டின்படி தரை 5,20,000, பூச்சு 2,95,000, போஸ்ட் வகை 2,10,000, விளக்கு 1,15,000, மேற்கொண்டு 2,63,000. மொத்தம் 14,03,000. கையிருப்பு 8,400. ஆச்சியின் 48 பணியாரம் இதில் வரவில்லை, அது பதினைந்தின் சொந்தக் கணக்கு. சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பேரேடும் ரசீதுகளும் ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை என் வீட்டில் பார்க்கலாம். 1980 முதல் மூன்று வருட ஸ்கோர் ஷீட்டையும் பார்க்கலாம், எடுத்துப் போக முடியாது. ரிங் இரண்டும் இப்போது 3.05 மீட்டர். சந்தேகம் இருப்பவர்கள் டேப் கொண்டு வரவும். ஏணி வாட்ச்மேனிடம் இருக்கிறது.

செயலாளர்